வராதவரைத் தேடியவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை. ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் செல்லும் பேருந்தை எதிர்பார்த்து மல்லசமுத்திரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் பள்ளியில் படித்த ஒருவர் எதிரே வந்தார். விசைத்தறியில் வேலை, எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பம். ஆசிரியனுக்கே உரிய அதிகாரத்தோடு கேட்டேன்: "ஏம்ப்பா, கோயில் பக்கமே ஆளைக் காணோம்? சாமிய மறந்துட்டயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சாமிய மறக்கலீங்க சார். நான் கோயிலுக்கு வந்து மூணு மாசமாச்சுங்க. அத இன்னைக்குத்தான் பாக்கறீங்களா?"

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து அவர் கதையைக் கேட்டேன். மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. நாற்பது நாள் மருத்துவமனை வாசம். தறி முதலாளியிடம் ஏற்கெனவே வாங்கியிருந்த முன்பணத்தின் மேல் மற்றொரு முன்பணம். பிள்ளைகள் இருவருக்கும் சோறு கொடுத்தது பக்கத்து வீட்டார். மாரியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். நம்மவர்களில் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலியில் ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் கூறுகிறோமே, அந்தக் கைகளில் ஒன்றுகூட அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

கிறிஸ்தவனுக்குச் சக விசுவாசிகளின் துணை ஏன் தேவை என்னும் கேள்வியை எண்ணும்போதெல்லாம் அந்தத் தேநீர்க் கடைப் பலகைதான் என் நினைவுக்கு வருகிறது. இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை, கோயிலுக்கு வராதவர்களுக்குச் செய்யும் உபதேசமாகவே முடிந்துவிடுகிறது. வந்தவர்களுக்கு அதில் பங்கில்லையா? வராதவனின் குற்றத்தை எடைபோடும் நாம், அவனைத் தேடாத குற்றத்தை எந்தத் தராசில் வைப்பது? இரண்டு தரப்பாரிடமும் வழக்காடவே இதை எழுதுகிறேன்.

'எனக்குக் கடவுள் போதும்'

முதலில், தனித்து நிற்க விரும்பும் அன்பர்களிடம் பேசுவோம். "விசுவாசம் எனக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள காரியம். நடுவில் பங்கு எதற்கு, அன்பியம் எதற்கு, சங்கம் எதற்கு? வீட்டில் விளக்கேற்றிச் செபித்தால் அவர் கேட்கமாட்டாரா?" என்று இவர்கள் வினவுவர். கேட்பார், ஐயமில்லை. அறையின் கதவை அடைத்துச் செபிக்கச் சொன்னவரும் நம் ஆண்டவரே. ஆனால் அதே ஆண்டவர் தம் வாழ்வின் மிகக் கொடிய இரவில் என்ன செய்தார்? கெத்சமனித் தோட்டத்துக்குத் தனியே போகவில்லை. பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் அழைத்துச் சென்றார். தம்மோடு விழித்திருக்குமாறு கேட்டுக்கொண்டார். அவர்கள் உறங்கிப் போனபோது மனம் வருந்தினார். இறைமகனே மனிதத் துணையைக் கேட்டுப் பெற விரும்பினார் என்றால், எனக்கு அது வேண்டாம் என்று சொல்வது பக்தியா, செருக்கா?

திருவிவிலியத்தைப் புரட்டிப் பாருங்கள். முடக்குவாதக்காரன் தன் காலால் நடந்து இயேசுவிடம் வரவில்லை. நால்வர் சுமந்து வந்தனர்; கூரையைப் பிரித்து இறக்கினர். ஆண்டவர் கண்டது அவர்களின் விசுவாசத்தை என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் சோர்ந்தன. ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று தாங்கினர். இறைவனோடு நேருக்கு நேர் பேசிய மோசேக்கே கை வலித்தது! உயிர்த்த ஆண்டவர் முதன்முறை சீடர் கூட்டத்தில் தோன்றிய மாலையில் தோமா அங்கில்லை. எட்டு நாள் கழித்து அவர் ஆண்டவரைக் கண்டது எங்கே? தனியறையில் அன்று, அதே கூட்டத்தின் நடுவில். ஐயம் கொண்டவனை அந்தக் கூட்டம் வெளியே தள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தனிப்பட்ட அனுபவம் என்றால் பவுலடியாரின் அனுபவத்தை விஞ்சியது எது? தமஸ்கு சாலையில் ஆண்டவரின் குரலையே கேட்டவர் அவர். ஆயினும் அவர் கண் திறக்க அனனியா என்னும் சீடரின் கை தேவைப்பட்டது. அந்த அனனியா தயங்கித் தயங்கித்தான் போனார். போனவுடன் முன்னாள் பகைவனைச் சகோதரன் என்று அழைத்தார். பின்னர் எருசலேமில் எல்லோரும் பவுலைக் கண்டு அஞ்சி ஒதுங்கியபோது, பர்னபா அவரைக் கைப்பிடித்துத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்றார். அனனியாவும் பர்னபாவும் இல்லாமல் நமக்குப் பவுல் இல்லை. அவர் கடிதங்களும் இல்லை. அத்தகையவர் எழுதியதால்தான், கண்ணானது கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல இயலாது என்னும் கருத்து இத்தனை உறுதியோடு ஒலிக்கிறது.

மனிதரைத் தனித்தனியே அல்லாமல் ஒரு மக்களாகச் சேர்த்து மீட்கவே இறைவன் திருவுளம் கொண்டார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தில் தெளிவுபடுத்தியது. ஆகவே கூட்டு வாழ்வு விசுவாசத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமன்று. விசுவாசத்தின் வடிவமே அதுதான்.

நம் பகுதியில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஓர் இழை அறுந்தால் தறி நின்றுவிடப் போவதில்லை. துணி தொடர்ந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அறுந்த இடத்திலிருந்து கோடு விழும். துணியின் நீளம் முழுவதும் அந்தப் பழுது கூடவே வரும். நல்ல நெசவாளி தறியை நிறுத்தி அந்த ஒற்றை இழையைத் தேடிப் பிடித்து முடிபோடுவான். தனி இழைக்குத் துணி இல்லாமல் பயனில்லை. இழையைத் தேடாத தறிக்காரனுக்குத் துணியும் தேறாது. நம் பங்குகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கோடுகளைப் பார்க்கிறோமா?

திரையில் திருப்பலி

அடுத்து வருவது இக்காலத்து வாதம். 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றால் ஆலயங்கள் அடைபட்டிருந்தபோது, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திருப்பலி கண்டோம். அது அன்று பெரும் அருளாக இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் முதியோருக்கும் இன்றும் அது அருளே. அதைக் குறை கூறுவார் நாவுக்கு நன்மை இல்லை. ஆனால் கதவு திறந்த பின்னும், நல்ல கால்கள் இருந்தும், "வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன், மறையுரையும் அங்கே நன்றாக இருக்கிறது" என்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் திரையைப் பார்க்கிறீர்கள். திரை உங்களைப் பார்க்கிறதா? நீங்கள் ஒருநாள் வராவிட்டால் அதற்குத் தெரியுமா? உங்கள் முகம் வாடியிருந்தால் அந்தக் குருவானவர் திருப்பலி முடிந்தபின் உங்களை நிறுத்தி, என்னம்மா செய்தி என்று கேட்பாரா? நற்கருணை உண்ணப்படும் விருந்து. விருந்தைப் பார்த்தவன் பசியாறினான் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டார் போதாதா?

மூன்றாவது வாதம் சற்றுக் கனமானது. என் பழைய மாணவரின் கதையிலிருந்தே எழுவது. "பிற சமயத்து அண்டை வீட்டார் சோறு கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பின் சக விசுவாசி எதற்கு? மனிதநேயம் போதுமே!"

அந்த அண்டை வீட்டாரை நான் வணங்குகிறேன். காயப்பட்டவனைக் கண்டு நின்ற சமாரியர் அவர்கள்தாம். ஒதுங்கிச் சென்ற குருவும் லேவியரும் நாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 6 பேர் கிறிஸ்தவர்; கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 பேர். நாமக்கல் மாவட்டத்திலோ நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. தெருவுக்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால் அதிகம். பல குடும்பங்களுக்குக் கோயில் என்பது பேருந்தேறிச் செல்லும் தொலைவு. இத்தகைய மண்ணில் அண்டை வீட்டாரின் அன்பில்லாமல் நாம் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அந்த நன்றியை மறப்பவன் கிறிஸ்தவனே அல்லன்.

ஆயினும் அண்டை வீட்டார் சோறு கொடுப்பர். அவருக்காக நற்கருணையைக் கொணரச் சொல்லிக் குருவானவரிடம் ஓடுவது யார்? இரவு மருத்துவமனை வராந்தாவில் தனியே அமர்ந்து, 'கடவுள் இருக்கிறாரா?' என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டபோது, அருகே அமர்ந்து செபமாலையின் அடுத்த மணியைத் தொடங்கி வைப்பது யார்? அவருடைய வாய் செபிக்க மறுத்த நாட்களில் அவருக்காக அந்தச் செபத்தைச் சொல்லி வைத்திருப்பது யார்? வயிற்றுக்கான உதவியை எவரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். விசுவாசம் தள்ளாடும்போது தோள் கொடுக்க அதே விசுவாசத்தில் நடப்பவன்தான் வேண்டும். மலையேறும் ஒருவனுக்கு அடிவாரத்தில் இருப்பவரும் தண்ணீர் தரலாம். வழுக்கும் பாறையில் கைகொடுக்க உடன் ஏறுகிறவனே வேண்டும்.

குருவில்லாத முப்பது ஆண்டுகள்

இது கற்பனையான தேவையன்று. தமிழர் திருச்சபையின் வரலாறே இதற்குச் சான்று பகரும். நம் சேலம் சமவெளிக்கு 1620-களில் தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இராபர்ட் தெ நொபிலி வந்தார். சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று அவர் பயணம் நீண்டது. ஆனால் பரந்த மதுரை மறைபரப்புத் தளத்தில் குருக்கள் மிகச் சிலர். அவர்கள் ஓர் ஊருக்கு எப்போதாவதுதான் வரமுடியும். இடைப்பட்ட காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும், அவர்களைச் சுற்றிக் கூடிச் செபித்த எளிய குடும்பங்களும்தாம். இன்று நாம் பெற்றிருக்கும் விசுவாசம் அப்படிக் கைமாறி வந்தது.

கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத் தமிழர் இதைவிடக் கடிய சோதனையைக் கண்டனர். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! 1687-இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் என்னும் இளங்குரு ஏழைக் கூலியாளின் கோலத்தில் அங்கு வந்து சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என்று கேட்டறிய வழியில்லை, கேட்டால் ஆபத்து. ஆகவே செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்பது மரபு. அந்த மாலையைக் கண்டு எவர் கண் ஒளிர்கிறதோ அவர் நம்மவர்! சில்லாலையில் விசுவாசிகள் அவரை ஏற்று மறைத்து வைத்துக் காத்தனர். அவர் கண்டியில் 1711-இல் மறைந்தார். 2015 சனவரி 14-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். புனிதரைக் கொண்டாடுகிறோம், நல்லது. அவர் வருமுன் குருவும் திருப்பலியும் இல்லாமல் முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெயர் தெரியாத தமிழ்க் குடும்பங்களை யார் கொண்டாடுவது? அவர்கள் ஒவ்வொருவரும் 'எனக்குக் கடவுள் போதும்' என்று தத்தம் வீட்டில் ஒடுங்கியிருந்தால், அந்தச் செபமாலையை அடையாளம் கண்டுகொள்ள ஒரு கண்ணாவது எஞ்சியிருக்குமா?

ஜப்பானிய விசுவாசிகளின் கதையும் இத்தகையதே. 1614-இல் அந்நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1865-இல் நாகசாகியின் ஊரா ஆலயத்தில் பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குருவை அணுகிச் சில ஏழை மக்கள், நாங்களும் உங்கள் விசுவாசத்தினரே என்று மெல்லச் சொன்னார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குரு இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் திருநாட்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர், குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க ஒருவர் என்று பொறுப்புகளைப் பங்கிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் அன்பு இருந்தது. அந்த அன்புக்கு ஓர் ஒழுங்கும் இருந்தது. அந்த ஒழுங்கு நம்மிடம் இருக்கிறதா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வடக்கன்குளத்துச் சுவர்

நான்காவது வாதத்துக்கு நான் தலைகுனிந்தே விடை சொல்லவேண்டும். "சக விசுவாசி என்கிறீரே, அவன் என்னைச் சகோதரனாக நினைக்கிறானா? கோயிலில் என் பக்கத்தில் அமரத் தயங்குகிறான். கல்லறையிலும் எனக்கு வேறு மூலை காட்டுகிறான். இந்தத் துணையா எனக்கு வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால், அவரைப் பார்த்துக் கோயிலுக்கு வா என்று அதட்டும் தகுதி நமக்கில்லை.

நம் தமிழ்ப் புனிதரின் கதையையே எடுத்துக்கொள்வோம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் உயர்ந்த நிலையில் இருந்தவர். துன்பத்தால் மனமுடைந்து நின்றவருக்கு, குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின் அந்த அரசின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய், யோபுவின் கதையைச் சொன்னார். ஒரு விசுவாசியின் ஆறுதலே விசுவாசத்தின் வாசலாயிற்று. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். 1749-இல் கைது, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், சித்திரவதை. காவலில் கிடந்தவரைத் தேடி எளிய மக்கள் வந்துகொண்டே இருந்தனர். 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளைத் தேடி எடுத்துக் கோட்டாறு ஆலயத்தில் அடக்கம் செய்ததும் விசுவாசிகளே. தொடக்கத்திலும் முடிவிலும் அவர் அருகில் சக விசுவாசிகள் இருந்தனர். 2022 மே 15-இல் அவர் புனிதர் ஆனார்.

சாதி பாராமல் பழகிய அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த ஆலயம் எப்படி இருந்தது? ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காணாதபடி பிரிந்த இரண்டு கூடங்கள், நடுவே சுவர், பீடம் மட்டும் பொது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் சென்றவர்கள் யார்? பிற சமயத்தார் அல்லர், கிறிஸ்தவர்களே. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சட்டத்தில் தோற்ற அந்தச் சுவர் நம் உள்ளங்களிலும் தோற்றுவிட்டதா? நம் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு விடை சொல்லுங்கள்.

ஆனால் நண்பரே, உம்மிடமும் ஒன்று சொல்லவேண்டும். சுவர் இருக்கிறது என்பதற்காக நீர் வெளியேறினால், சுவர் எழுப்பியவனுக்கே கோயில் முழுவதும் சொந்தமாகிவிடும். உம் உரிமை அது, விட்டுக்கொடுக்காதீர். துணையாக இல்லாத சமூகம் பாவத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கே, துணை நம் உரிமை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? எவர் துணையும் வேண்டாம் என்பவன் சுவரைக் கண்டிக்கவும் வலுவிழந்துவிடுகிறான்.

செபமாலையும் சுண்டலும்

இனி, தவறாமல் கோயிலுக்கு வரும் நம்மிடம் வருவோம். இங்கேதான் என் வழக்கின் கடுமை அதிகம். குற்றக் கூண்டில் முதல் ஆளாக நிற்பவனும் நானே.

நம் பங்குகளில் அன்பியம் இருக்கிறது. எத்தனை அழகிய பெயர்! முதல் கிறிஸ்தவர்கள் தங்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்துக்கொண்டு, தங்களுள் தேவையில் வாடுவார் எவரும் இல்லாதபடி வாழ்ந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறதே, அந்த வாழ்வை மீண்டும் தழைக்கச் செய்யவே அன்பியம் பிறந்தது. நடப்பில் என்ன காண்கிறோம்? மாதம் ஒரு வீடு, ஒரு செபமாலை, சுண்டல், தேநீர், அடுத்த மாதம் யார் வீடு என்ற அறிவிப்பு. கடன்காரனுக்கு அஞ்சிப் பின்வாசல் வழியே நடமாடும் குடும்பம் அதே தெருவில் இருக்கும். அதைப் பற்றிப் பேச்சு எழாது. எழுந்தாலும் புறம் பேசுவதாகவே எழும். துன்பத்தைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்ற அச்சம் இருக்கும் வரை எவர்தான் வாய் திறப்பார்?

கடன் என்பது நம் பகுதியில் சிறிய சொல்லன்று. தறித் தொழிலாளி முன்பணம் வாங்குகிறான். அது அடையும்வரை அந்தப் பட்டறையை விட்டு அவனால் நகரமுடியாது. நோய் வந்தால் கடன் இரட்டிக்கிறது. 2025-ஆம் ஆண்டு இதே மாவட்டத்தில், பள்ளிபாளையம் பகுதியின் ஏழை விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் நெருக்கடியில் தரகர் வலையில் விழுந்து தங்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி நாட்டையே அதிரவைத்தது. அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. அவர்கள் எந்தச் சமயத்தார் என்பதன்று என் கேள்வி. உடலின் ஓர் உறுப்பை அறுத்துக் கொடுக்கும் நிலைக்கு ஒருவன் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அவ்வழியில் ஒவ்வொரு படியாக அவன் இறங்கும்போது, அவனைப் பார்த்தவர்கள் எங்கே போனார்கள்? நம் வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் எவரேனும் இன்று அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தால் நமக்குத் தெரியுமா? ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறும் என்று பவுலடியார் கற்பித்ததை நாம் மறையுரைக்குரிய உவமையாகவே விட்டுவிட்டோம்.

1833-இல் பாரிசு நகரில் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவரிடம், சமயத்தை எதிர்த்தவர்கள் சவால் விட்டனர்: உங்கள் திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது? அவர் அதற்கு விடையாக மற்றொரு சொற்பொழிவு ஆற்றவில்லை. தோழர்கள் சிலரோடு ஏழைகளின் வீடுகளுக்கு நடந்தார். வின்சென்ட் தே பவுல் சபை அப்படித்தான் பிறந்தது. அச்சபையின் உயிர்நாடி இன்றும் வீடு தேடிச் செல்வதே. பணம் கொடுப்பது எளிது. படியேறிச் செல்வதுதான் அரிது.

'இப்படி நம்மவர், நம்மவர் என்றால் நாமும் ஒரு சாதியைப் போல் ஒடுங்கிவிடமாட்டோமா?' என்று சிலர் ஐயுறலாம். ஒருவரையொருவர் தாங்கக் கற்றுக்கொள்ளும் இடமே அன்பியம். தாங்கக் கற்றவன் தெரு முழுவதையும் தாங்குவான். சொந்தச் சகோதரனின் வீடு தெரியாதவன் உலகத்தையே நேசிக்கிறேன் என்பது வெறும் மேடைப்பேச்சு.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்கள் வேண்டாம். பெரும் நிதியும் வேண்டாம். ஜப்பானிய விசுவாசிகள் பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்றேன். நாமும் அவ்வாறு பங்கிட்டுக்கொள்வோம்.

ஒவ்வோர் அன்பியத்திலும் ஒருவர், வந்தவர்களின் கணக்கை விட்டுவிட்டு வராதவர்களின் கணக்கை வைத்துக்கொள்ளட்டும். ஒரு குடும்பம் இரண்டு ஞாயிறு வராவிட்டால் மூன்றாம் ஞாயிறுக்குள் ஒருவர் அவ்வீட்டுக்குச் செல்லட்டும். சென்றவுடன், ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். நலமா என்று கேட்டால் போதும். அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தொலைவு இருக்கிறது.

தறியில் இரவு வேலை பார்ப்பவன் ஞாயிறு காலை உறங்கத்தான் செய்வான். அவனைச் சோம்பேறி என்பதைவிட, அவன் விழித்திருக்கும் நேரத்தில் அன்பியத்தைக் கூட்டலாம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகளில் நம் இளைஞர்கள் வட மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்று மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசவும், அவர்கள் தங்கும் ஊருக்கு அருகில் எங்கே திருப்பலி நடக்கிறது என்று விசாரித்துச் சொல்லவும் ஒருவர் இருக்கட்டும். கைப்பேசிக்கு இதைவிட நல்ல பயன் எது?

திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை நோயுற்ற குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்க ஒதுக்கலாம். வாங்குகிறவரின் பெயர் இருவருக்கு மேல் தெரியவேண்டாம். உதவி பெறுகிறவனின் மானத்தைக் காப்பதும் உதவியின் பாதி. சாவு வீட்டில் பாடை தூக்க நான்கு தோள்கள் சாதி பாராமல் வரவேண்டும். முடக்குவாதக்காரனைச் சுமந்த அந்த நால்வரின் சாதியை எந்த நற்செய்தியாளரும் குறித்து வைக்கவில்லை.

இறுதியாக, உதவி கேட்க வெட்கப்படும் அன்பர்களுக்கு ஒரு சொல். கேட்பது இழிவன்று. நீர் கேட்காமல் இருந்தால், கொடுக்கும் பேற்றை உம் சகோதரன் இழக்கிறான். கெத்சமனியில் ஆண்டவரே கேட்டார். அதைவிட உயர்ந்த மானம் நமக்கு எதற்கு?

அந்த ஞாயிறுக்கு மறுவாரம் நானும் மற்றிருவரும் என் பழைய மாணவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் மனைவி எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். "வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க" என்று பாய் விரித்தார்கள். நாங்கள் பேசியது கொஞ்சமே. ஒரு செபம் சொன்னோம். விடைபெறும்போது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன நாளு எங்கீங்க போயிருந்தீங்க? உங்க சனம்னு இப்பத்தான் வந்தீங்களாக்கும்!"

அதற்கு நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தார். எங்கள் பக்கத்திலேயே அமர்ந்தார். அன்று சமாதானம் கூறும் வேளையில் நான் வழக்கம்போல் கைகூப்பிவிட்டு நிற்கவில்லை. அவர் கைகளைப் பற்றிக்கொண்டேன். பிறகு எங்கள் வரிசையைக் கண்ணால் ஒருமுறை துழாவினேன். இன்னும் இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன.

அந்த இரண்டு வீடுகளும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். உங்கள் வரிசையில் வெறுமையாக இருக்கும் இடங்கள் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியுமா?